கதவை முட்டி நின்ற கார்

எங்கள் சந்தில் பதினான்கு வீடு, பதினான்கு கராஜ். அவற்றில் கார் நிற்கிற கராஜ் ஒன்றே ஒன்று. கோடி வீட்டு பெட்ரிச் கிழவருடையது. மனைவி போய்ச் சேர்ந்த மறுமாதமே மனுஷர் அவள் சாமானையெல்லாம் ஒழித்து, கராஜைக் கழுவிவிட்டுக் காரை உள்ளே விட்டுவிட்டார். அதிலிருந்து அவருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று சந்து முழுக்கப் பேச்சு. மற்ற பதின்மூன்றிலும் காரைத் தவிர எல்லாம் இருக்கும். ஓடாத பனிவண்டி, கால் உடைந்த தொட்டில், கல்லூரிக்குப் போய்விட்ட பேரனின் முதல் சைக்கிள், என்றைக்காவது பூசலாம் என்று வாங்கி வைத்த பெயின்ட். எங்கள் கராஜைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அடுத்தவர் கதையைச் சொல்லும்போது நம் கதையை நடுவில் நுழைப்பது நாகரிகம் இல்லை.

மினசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் குளிர் ஒரு செய்தி இல்லை. நவம்பரில் வந்து உட்காரும், ஏப்ரலில்தான் எழுந்து போகும். ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது என்று ரேடியோ சொன்னால், 'சரி' என்று சொல்லிவிட்டு இன்னொரு காலுறை போட்டுக்கொள்வோம். ஆனால் காருக்குக் காலுறை கிடையாது. அதனால் ஒவ்வொரு காரின் வாயிலிருந்தும் ஒரு ஒயர் நாக்கு மாதிரித் தொங்கும். ராத்திரி அதை ப்ளக்கில் சொருகினால் இன்ஜின் அடியில் இருக்கிற சூட்டுக்கம்பி வேலை செய்யும், காலையில் கார் கிளம்பும். சொருகாவிட்டால் கிளம்பாது. படுக்கப் போகுமுன் மற்ற ஊர்களில் கதவைப் பூட்டினாயா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் காரைச் சொருகினாயா என்று கேட்போம்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கோஸ்கி வீடு. வெர்னாவும் ஆர்வோவும். ஆர்வோ முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் லாரி ஓட்டினவர். வீடு உயர லாரி. இடுப்பு போனதும் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பேச்சு குறைவு. 'ம்' என்பதில் மட்டும் ஏழெட்டு வகை வைத்திருக்கிறார். வெர்னா ஊர்க் கோடியில் இருக்கிற முதியோர் இல்லத்தில் காலைச் சமையல். பத்தொன்பது வருஷம். ஆறு மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும், ஏழு மணிக்கு எழுபது பேருக்குத் தட்டு போய்விட வேண்டும். எந்தக் கிழவிக்கு ஓட்ஸ் கஞ்சி நடுவில் வெண்ணெய் குளம் கட்டி நிற்க வேண்டும், எந்தச் சுரங்கக் கிழவர் மஞ்சள் கரு உடையாத முட்டையைத் தொடமாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இதை அவளே என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நான் தபாலாபீசில் காலையில் கடிதம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன். ஆகவே ஊர்க் கதை எனக்குத் தானாகவே வந்து சேரும். தேடிப் போக வேண்டியதில்லை.

இந்தப் பத்தொன்பது வருஷமும் வெர்னாவின் கார் அவர்கள் கராஜ் கதவை மூக்கால் முட்டிக்கொண்டு வெளியேதான் நின்றது. கராஜுக்குள் மூன்று ஒயர் சொருகக்கூடிய ஒரே ஒரு ப்ளக், அதற்கு ஒரே ஒரு ஃபியூஸ், ஆர்வோவின் அப்பா போட்டது. அதில் சொருகின ஒயர் கதவடியில் நுழைந்து வெளியே வந்து காரின் வாய்க்குப் போகும். வீட்டுக்குள் விடாத நாயைக் கதவருகே கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

உள்ளே என்னதான் இருந்தது என்று கேட்டால், முதல் பத்து வருஷம் ஆர்வோவின் பழஞ்சாமான், அப்புறம் முக்கால்வாசி லைலாவின் சாமான். லைலா ஆர்வோவின் தங்கை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விற்றுவிட்டு அரிசோனா வெயிலுக்குப் போனாள். "ரெண்டே ரெண்டு வாரம் அண்ணா, வீடு பார்த்ததும் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்" என்று சொல்லிச் சாப்பாட்டு மேசை, எட்டு நாற்காலி, கண்ணாடி பீரோ, மின்சார ஆர்கன் வாத்தியம் ஒன்று, பெட்டி பதினாறு எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போனாள். அங்கே வீடும் வாங்கினாள், நீச்சல் குளமும் கட்டினாள். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் வாழ்த்து அட்டையில் 'இந்தக் கோடைக்குக் கட்டாயம் வருகிறேன்' என்று எழுதுவாள். அட்டைக்கு உறை கிடையாது, அதனால் கண்ணில் படும். மிச்சம் கால்வாசி ஆர்வோவினுடையது. அவருடைய பிக்கப் வண்டியின் கியர் பெட்டி நான்கு டப்பாவில் பிரித்துக் கிடந்தது. வண்டி பின்னால் பனியில் புதைந்து கிடந்தது. அப்புறம் அவருடைய அம்மாவின் பழைய ஃப்ரிட்ஜ்.

வம்பு அந்த ஃப்ரிட்ஜால்தான் வந்தது.

நவம்பரில் ஆர்வோ ஒரு மான் அடித்தார். கறியைத் துண்டுபோட்டு வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, 'பின்தொடை', 'விலா' என்று தன் கையாலேயே எழுதி அந்த ஃப்ரிட்ஜில் உறைய வைக்கிற மேல்தட்டில் அடுக்கினார். அந்த வாரம் பார்த்து வெயில் அடித்துப் பனி உருகியது. கராஜ் குளிர்ந்த கிணறு மாதிரி ஆனது. நான்காம் நாள் திறந்து பார்த்தால் கறி இளகி, ரத்தம் சொட்டி, லைலாவின் ஆர்கன் மேல் ஓடியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டதா என்று ஹார்ட்வேர் கடைக்காரனைக் கேட்டார். கடைக்காரன் சொன்னான்: "ஃப்ரிட்ஜுக்கு மூளை கீழ்த்தட்டுலதான் இருக்கு மிஸ்டர் கோஸ்கி. கராஜே குளிரா இருந்தா, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அது தூங்கிடும். மேல இருக்கற கறி இளகிடும். ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் சூடா வெச்சாத்தான் அது குளிர்விக்கும்."

ஆர்வோ ஒரு ஹீட்டர் வாங்கி வந்து ஃப்ரிட்ஜின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அது சரியாகவும் போயிற்று. நவம்பருக்கு அது சரிதான்.

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ரேடியோ முப்பது கீழே என்றது. வெர்னா வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து காரைச் சொருகிவிட்டுப் படுத்தாள். ஆர்வோ உட்கார்ந்து யோசித்தார். சும்மா குளிர்ந்ததற்கே தூங்கிவிடுகிற ஃப்ரிட்ஜ், இந்தக் குளிரில் எவ்வளவு ஆழ்ந்து தூங்கும்? கறி என்ன ஆகும்? எழுந்து போய் ஹீட்டரைப் போட்டார். ஃபியூஸ் போயிற்று. புது ஃபியூஸ் மாட்டினார். மறுபடி போகாமல் இருக்கக் காரின் ஒயரைப் பிடுங்கினார். ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடட்டும், அப்புறம் மாற்றிச் சொருகலாம் என்று நினைத்து, வீட்டுக்குள் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கண் அயர்ந்துவிட்டார்.

விடிகாலை ஐந்தே காலுக்கு வெர்னா வெளியே வந்ததை நான் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு விடுமுறை. விடுமுறை நாளிலும் என் தூக்கம் நாலரைக்குக் கலைந்துவிடும். சாவியைத் திருப்பினாள். கார் கிழவன் மாதிரி ஒரு தடவை கனைத்துவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினாள். கனைப்புகூட இல்லை. இறங்கி வந்து ஒயரைக் கையில் எடுத்தாள். இழுத்தாள். கதவடியிலிருந்து அது முழுசாக வெளியே வந்தது, மறுமுனை எதிலும் மாட்டியிருக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அதைப் பனியில் விசிறி அடித்தாள்.

ஒரு முறை எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். நான் ராத்திரி உடையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் லூயி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கார் மேல் இரண்டு சாண் பனி. அதைத் தட்டி, கண்ணாடியைச் சுரண்டி, கிளம்புவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பெட்ரிச் பார்த்திருந்தால் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். அவருக்குக் காது கேட்காது.

இரண்டு மைல்.

மத்தியானம் இரண்டரைக்கு, கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அவளை வாசலில் இறக்கிவிட்டாள். ஆர்வோ காலை எட்டு மணிக்கே எழுந்து, நடந்தது புரிந்து, காரைச் சொருகி, அதன் மேல் இருந்த பனியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். வாசலில் நின்று, "கார் இப்ப கிளம்பும்" என்றார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வாசகம் அதுதான்.

வெர்னா அவரைத் தாண்டிக்கொண்டு நேராகக் காருக்குப் போனாள். கிளப்பினாள். பின்னால் எடுத்துச் சந்தில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கி வந்து கராஜ் கதவைத் தூக்கினாள்.

நான் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் சந்தில் குப்பை வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். ஆனாலும் கூடை நிறைந்தால் வெளியே வைக்கத்தானே வேண்டும்.

ஆர்வோ பின்னாலேயே வந்தார். "என்ன பண்ற?"

வெர்னா லைலாவின் நாற்காலி இரண்டை ஒரே கையில் கோத்து எடுத்தாள்.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"வெளிய."

"வெளியன்னா எங்க?"

"வெளியன்னா வெளிய. பத்தொம்பது வருஷமா என் கார் எங்க நிக்குதோ, அங்க."

"அது லைலாவோடது."

"லைலா எங்க இருக்கா?"

"அரிசோனாவுல."

"அப்ப அரிசோனாவுல கொண்டுபோய் வெச்சுக்கச் சொல்லு. அங்க நீச்சல் குளம் இருக்காமே. அதுல மிதக்கவிடட்டும்." நாற்காலிகள் பனியில் போய் விழுந்தன. "இன்னிக்கு நாப்பது நிமிஷம் லேட்டு நான். தெரியுமா உனக்கு? மூணாவது தடவை. அந்த மேனேஜர் கர்ட், இருபத்தாறு வயசுப் பொடியன், பென்சிலைக் காதுல சொருகிட்டு வந்து என்கிட்ட சொல்றான்: 'வெர்னா, இன்னொரு தடவை ஆச்சுன்னா காலை அடுப்பு உங்களுக்கு இல்ல, மத்தியானம் தட்டு கழுவ வந்துடுங்க.' எழுபது பேரு கஞ்சி இல்லாம உக்காந்திருந்தாங்க ஆர்வோ. பொட்டியில இருந்து கார்ன்ஃப்ளேக்ஸ் எடுத்துக் கொட்டிக் குடுத்திருக்கான். பல்லு இல்லாதவங்களுக்கு!"

"ஒரு மணி நேரம்தான்னு நெனச்சேன்" என்றார் ஆர்வோ. "கறி இளகிடுமேன்னு..."

வெர்னா நின்றாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

"வெளிய எவ்வளவு?"

"ம்?"

"நேத்து ராத்திரி. வெளிய எவ்வளவு குளிரு?"

"முப்பது."

"பூஜ்ஜியத்துக்கு மேலயா, கீழயா?"

"...கீழ."

"கீழ! யோவ், முப்பது கீழ! கறிய வாசப்படியில வெச்சிருந்தாக்கூடக் கல்லாயிருக்கும்யா! ஃப்ரிட்ஜே வேண்டாம், கதவைத் திறந்து வீசியிருந்தாப் போதும்! மைனஸ் முப்பதுல கறி உறையணும்னு ஹீட்டர் போட்ட ஆளு இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான்! கறிக்கு ஹீட்டர். எனக்கு ரெண்டு மைல் ரோடு."

"ஹார்ட்வேர் கடைக்காரன் சொன்னானே..."

"அவன் நவம்பர்ல சொன்னான்!"

ஃப்ரிட்ஜின் மேல்கதவைப் பிடுங்கித் திறந்தாள். வெள்ளைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பனிக்குவியலில் எறிந்தாள். கல் விழுகிற சத்தம் கேட்டது. கறி இளகவே இல்லை. ராத்திரி முழுக்க இளகியிருக்காது. ஆர்வோ துணி அலசும் தொட்டி ஒன்றை எடுத்து வந்து, குனிய முடியாத இடுப்பைக் குனிந்து, பொட்டலங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து உள்ளே போட்டார்.

வெர்னா தலைத்துணியைப் பின்னால் தள்ளினாள். அப்போதுதான் கவனித்தேன். இடது காதின் ஓரம் மெழுகு மாதிரி வெளுத்து, அதைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

"அய்யோ வெர்னா, காது!" என்றேன். "கூப்பிட்டிருக்கலாம்ல நீ? நான் எதிர்லதானே இருக்கேன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "இருந்தியா?"

"இருந்தேனே..."

"தெரியும் செல்மா. திரை ஆடுச்சு."

குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. மீன் பிடிக்கப் போகும்போது இழுத்துப்போகிற சறுக்குப் பலகையை லூயியிடம் சொல்லி எடுத்து வரச் சொன்னேன். கனமான சாமானை இழுக்க வசதியாக இருக்கும். உதவி செய்தோம் என்றும் இருக்கும்.

வீட்டுக்குள்ளே போன் அடித்தது. ஆர்வோ போய் எடுத்துவிட்டு, நீளமான ஒயரோடு ரிசீவரை வாசல்வரை கொண்டு வந்தார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன நேரத்தில் அவர்தான் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இது தானாக வந்த போன் இல்லை என்று எனக்குத் தெரியும். லைலா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுவாள்.

"லைலா உன்கிட்டப் பேசணுமாம்."

வெர்னா கையுறையோடே வாங்கினாள். லைலாவின் குரல் எப்போதும் கணீரென்று இருக்கும், சந்துவரை கேட்டது.

"வெர்னா கண்ணு, என்னம்மா இது, அண்ணன் என்னென்னவோ சொல்றாரு? ஆர்கனைப் பனியில வெச்சிட்டியாமே? அது என்னாத்துக்கு ஆகும்?"

"ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஏற்கெனவே மான் ரத்தம் குடிச்சிருக்கு."

"கோவப்படாத. கோடைக்குக் கட்டாயம் வந்து..."

"எந்தக் கோடைக்கு லைலா? ஒம்போது கோடை போயாச்சு. அங்க இப்ப என்ன பண்ணிட்டிருக்க?"

"நானா? வெளிய உக்காந்திருக்கேன். இங்க நல்ல வெயில்."

"உன் கார் எங்க நிக்குது?"

"கராஜுலதான். வெயில்ல நின்னா சீட்டு சுடும்ல?"

வெர்னா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "சீட்டு சுடுமா. சரி. அஞ்சு மணிக்கு இருட்டிடும். அதுக்குள்ள வந்தா எடுத்துக்கோ. வரலைன்னா வேண்டியவங்க எடுத்துப்பாங்க." ரிசீவரை ஆர்வோ கையில் திணித்தாள். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. ஆர்வோ அதைக் காதில் வைத்து 'ம்' என்றார். எந்த வகை 'ம்' என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்கு வீட்டு வாசலில் ஒரு பலகை வைத்தாள். பெயின்டால் எழுதியது: 'எடுத்துக்கொள்ளலாம்'. எங்கள் சந்தில் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற சக்தி வேறு எதற்கும் இல்லை. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. சும்மா வேடிக்கை பார்க்க வந்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். கண்ணாடி பீரோ மூன்றாம் வீட்டுக்குப் போயிற்று. மேசை ஒரு வீட்டுக்கும் அதன் நாற்காலிகள் இரண்டு வீட்டுக்குமாகப் பிரிந்தன. ஆர்கனை ஆறாம் வீட்டுக்காரர் நான்கு பேரை வைத்து இழுத்துக்கொண்டு போனார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் நல்ல மரம் என்றார். எல்லாம் நேராக அவரவர் கராஜுக்குள் போயின. வீட்டுக்குள் ஒன்றும் போகவில்லை. பெட்ரிச் மட்டும் வந்து, ஒன்றையும் தொடாமல், வெர்னாவோடு சேர்ந்து கியர் பெட்டி டப்பாக்களைப் பிக்கப்பின் பின்புறம் ஏற்றிவிட்டுப் போனார். எண்பது வயசு.

ஃப்ரிட்ஜ் கடைசியாக நின்றது. இருபது வருஷத்துச் சாமான் என்றாலும் ஒரு கீறல் கிடையாது. அந்தக் காலத்து வேலைப்பாடு. அது பனியில் நிற்பதைப் பார்க்க மனசு வரவில்லை. லூயியும் நானும் சறுக்குப் பலகையில் வைத்து எங்கள் பக்கம் இழுத்தோம்.

"ஹீட்டரையும் எடுத்துட்டுப் போ" என்றாள் வெர்னா. "ரெண்டும் ஜோடி."

ஐந்து மணிக்குக் கராஜ் காலி. தரையில் ஒரு பழைய எண்ணெய்க் கறை தெரிந்தது. ஆர்வோவின் அப்பா கார் நிறுத்தினபோது விழுந்ததாக இருக்க வேண்டும். ஆர்வோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெருக்குமாறு எடுத்து வந்து, யாரும் சொல்லாமலே, தரையைப் பெருக்கினார்.

வெர்னா காரை மெதுவாக உள்ளே விட்டாள். விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். ஊர்த் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் நின்றிருக்காது. கார் போயிற்று, போயிற்று, பாதிக்கு மேல் போயிற்று, பிறகு 'டொக்' என்று நின்றது.

பின்பக்கம் ஒரு முழம் வெளியே இருந்தது.

சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த கராஜ் அது. கட்டின காலத்தில் கார் என்றால் குட்டியாகத்தான் இருக்கும். வெர்னா இந்தக் காரை வாங்கி நான்கு வருஷம். வாங்கும்போது விலையைப் பார்த்தார்கள், சீட்டுக்குச் சூடு உண்டா என்று பார்த்தார்கள், நிறத்துக்கு ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கராஜுக்குள் நுழையுமா என்று அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கராஜில் காரை வைப்போம் என்று யார் கண்டது?

ஆறாம் வீட்டுக்காரர் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். கேட்டது.

வெர்னா இறங்கி முன்பக்கம் போனாள். கார் மூக்கு முட்டிக்கொண்டிருந்தது சுவரில் இல்லை. சுவரோடு சேர்த்து அடித்திருந்த வேலைப் பலகையில். கனமான ஓக் பலகை, ஒரு முழத்துக்குச் சற்று அதிக அகலம். ஆர்வோவின் அப்பா அதில்தான் துப்பாக்கி துடைப்பார், பூட்ஸ் தைப்பார். பலகையின் முன்காலில், ஆர்வோவும் லைலாவும் அதன் உயரத்தை எட்டுகிறவரை வளர வளரக் குறித்த கோடுகள் உண்டு.

அவள் காரைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, ஆணியில் தொங்கிய ரம்பத்தை எடுத்தாள்.

"வெர்னா." ஆர்வோவின் குரல் அன்றைக்கு முதல் தடவையாக உயர்ந்தது. "அது எங்க அப்பா கட்டினது."

"தெரியும்."

"அவரு செத்தன்னிக்கு நீயே அதுல தலை வெச்சு அழுதே."

"அழுதேன். நல்ல மனுஷன். அவரு தன் காரை இங்கதான் நிறுத்தினாரு." ரம்பத்தைப் பலகை மேல் வைத்தாள். "நாளைக்கு முப்பத்திநாலு கீழ. நாளைக்கு நான் அஞ்சே காலுக்குக் கிளம்பணும். கிளம்பலைன்னா தட்டு கழுவணும். பத்தொம்பது வருஷம் சமைச்ச கையால, அந்தப் பொடியன் முன்னாடி. நகரு."

இழுத்தாள். ஓக் மரம் சும்மா அறுபடுமா? கீச்சென்று கத்தியது. பத்து இழுப்புக்கு ஒரு விரல்கூட இறங்கவில்லை. மரத்தூள் அவள் மூச்சோடு சேர்ந்து பறந்தது. பன்னிரண்டு வீட்டு ஆம்பளைகளும் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ரம்பம் ஒரு ஆணியில் போய் மாட்டி 'கிறீச்' என்று வளைந்தது. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு அதோடேயே இழுத்தாள்.

"ரம்பத்தைக் கெடுக்காத!" என்று கத்தினார் ஆர்வோ.

போய்விட்டார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறார் என்று நினைத்தோம். கடப்பாரையோடு திரும்பி வந்தார். அவளை இடித்துத் தள்ளாத குறையாக நகர்த்தி, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கடப்பாரையைச் சொருகினார். "அறுத்தா வராது. அப்பா ஏழு அங்குல ஆணி அடிச்சிருக்காரு. இப்படித்தான் எடுக்கணும்." நெம்பினார். இடுப்பு பிடித்துக்கொண்டது, முகம் சுருங்கியது, மறுபடி நெம்பினார். ஆணிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வந்தன. மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. ஒரு நல்ல ரம்பம் வீணாவதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கி வெளியே வந்தார்கள்.

"யாருக்காவது வேணுமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள் வெர்னா.

அந்தப் பலகையை மட்டும் யாரும் கேட்கவில்லை என்று நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஆர்வோ அதை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார். அங்கே அதற்கு இடம் இல்லை. இப்போதும் அதைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகிறார்கள்.

கார் உள்ளே போயிற்று. கதவு இறங்கியது. இரண்டு விரல் இடைவெளி.

மறுநாள் காலை எனக்கு வேலை இருந்தது. ஐந்தரைக்குத் தபாலாபீசில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு வெளியே வந்தேன். மூச்சு விட்டால் மூக்குக்குள்ளேயே உறைந்தது. சாவியைத் திருப்பினேன். எங்கள் கார் கனைத்தது. மறுபடி திருப்பினேன்.

ஒயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், எங்கள் கராஜின் ப்ளக்கில் ஆர்வோ அம்மாவின் ஃப்ரிட்ஜும் அதன் ஜோடி ஹீட்டரும் சொருகியிருந்தன. ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்க்க, ராத்திரி லூயி கார் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சொருகியிருக்கிறார். ஓடியது. நன்றாகவே ஓடியது. உள்ளே ஒரு பாட்டில் பீர் மட்டும் இருந்தது.

அப்போது எதிர்க் கராஜின் கதவு உயர்ந்தது. ஆர்வோ பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்று ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். முதல் திருப்பிலேயே கார் பிடித்துக்கொண்டது. துளிப் பனி இல்லாத கண்ணாடியோடு, பின்பக்கமாகச் சந்துக்கு வந்து திரும்பியது. அவள் பாதையும் என் பாதையும் ஒன்றுதான். தபாலாபீஸ் தாண்டித்தான் முதியோர் இல்லம். கையிலிருந்த செத்த ஒயரை மறைக்காமல் அவளுக்கு எதிரே போய் நின்றேன்.

கார் என் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது. உள்ளிருந்து வந்த வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. வெர்னாவின் காதில் வெள்ளைக் கட்டு.

அவள் என்னைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் திறந்து கிடந்த கராஜில் மாமியாரின் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"வேகமா நடந்தா நாப்பது நிமிஷம்" என்றாள். "காதை மூடிக்கோ."

கண்ணாடி ஏறியது. சிவப்பு விளக்கு சந்து முனையில் திரும்பி மறைகிறவரை நான் நின்றேன். பிறகு தலைத்துணியைக் காதுக்கு இழுத்து முடிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தேன். மூன்றாம் வீட்டைத் தாண்டும்போது, ஜன்னலில் திரை ஆடியது.